வெளிநோயாளி

கையைத் தூக்கினால் மார்பு மட்டத்தில்
செக்போஸ்ட் போட்டு நிறுத்திவிடுகிறது தோள்.
அதற்கு மேல் பர்மிட் இல்லை.

நாலு மாசமாக ஏற்காட்டு வேனை
இடது கையால்தான் ஒடிக்கிறேன்.
வலது கை ஸ்டியரிங்கின் அடியில்
ஓசிப் பயணி மாதிரி உட்கார்ந்து வருகிறது.
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதிமூன்றாவதுக்கு மட்டும் ஒரு கை போதாது.
அங்கே நான் பல்லைக் கடிக்கும்போது
பின் சீட்டில் பள்ளத்தாக்கைப் படம் எடுப்பார்கள்.

எலும்பு டாக்டர் சீட்டில் எழுதியது ஒரே வரி:
பிசியோதெரபி, பத்து சிட்டிங்.
எங்கே என்று எழுதவில்லை.

பாலிசி இருக்கிறது.
வருஷா வருஷம் ஆனி மாசம்
பேங்கே பிடித்துக்கொள்கிறது
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
ஆர்.சி. புக்கோடு சேர்த்து
டேஷ்போர்டில்தான் வைத்திருக்கிறேன்.
ஆர்.சி.யைக் கேட்டு எத்தனையோ பேர்
கை காட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடிக் கதவு.
செருப்பை விடுவதா, போட்டுக்கொண்டே போவதா?
"கேஷ்லெஸ் உண்டுங்க சார்.
அட்மிஷன் போட்டாத்தான்."
"தோளுக்கு எதுக்கும்மா அட்மிஷன்?"
அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.
கம்ப்யூட்டர் என்னைப் பார்த்தது.

மெய்யனூரில் சிட்டிங்குக்கு அறுநூறு,
பில் தருவார்களாம், கிளெய்ம் என் பாடாம்.
ஐந்து ரோட்டில்,
"லிஸ்ட்ல போன மாசம் வரைக்கும்
எங்க பேரு இருந்துச்சுங்க" என்றார் ஒருவர்,
செத்துப்போனவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அடிவாரம் டீக்கடையில் உட்கார்ந்து
கட்டணமில்லா எண்ணுக்கு அடித்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
வீணை வாசித்தார்கள்.
டீ ஆடை கட்டிய பிறகு ஒரு பையன் வந்தான்.
"இருபத்துநாலு மணி நேரம் படுத்திருந்தா
கவர் ஆகும் சார்.
நடந்து வந்து நடந்து போனா வெளிநோயாளி.
வெளிநோயாளிக்கு இல்ல சார்.
வேற ஏதாவது உதவி?"

ராத்திரி பதினேழாம் பக்கத்தில் தேடிப் பிடித்தேன்,
எறும்பு சைஸ் எழுத்து.
பையன் பொய் சொல்லவில்லை.
கையை அசைக்கச் சொல்கிறார் டாக்டர்.
அசையாமல் கிடந்தால்தான் காசு என்கிறது கம்பெனி.
குழந்தையம்மா விளக்கை அணைத்தபடி சொன்னாள்:
"ஒரு நா போய்ப் படுத்துக்கிட்டுத்தான் வாயேன்.
நீ ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு."

அம்மாபேட்டையில் ஒரு இடம்,
கிளீனர் மாதேசுவின் அக்கா
முட்டிக்குப் போகிற இடம்.
பேரிங் கடைக்கு மேல், குறுகலான படி.
போர்டை இன்னும் மாட்டவில்லை,
சுவரில் சாய்த்து வைத்திருந்தது: நஸ்ரீன், பி.பி.டி.
உட்காரும் முன்பே கேட்டேன்,
"இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?"
"எடுக்கறதில்லண்ணா. இருநூத்தம்பது.
தினம் முடியலன்னா
ரெண்டாஞ் சனிக்கெழம சேத்துக் குடுங்க."
இந்த ஒரு பதிலுக்காகவா
ஒன்பது நாள் டீசல் எரித்தேன்?

தோளில் கட்டைவிரலை வைத்தாள்.
"எங்க வலிக்குதுன்னு சொல்லாதீங்க.
எங்க நிக்குதுன்னு சொல்லுங்க."
காட்டினேன்.
அங்கிருந்து அரை அங்குலம் தள்ளினாள்.
அந்த அரை அங்குலத்தில்
பதிமூன்றாவது வளைவு முழுக்க இருந்தது.

பிறகு சுவர்.
விரல்களால் ஏற வேண்டும், பல்லி மாதிரி.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு, தேதி.
அந்தச் சுவரில் ஏற்கெனவே நிறையப் பேர்:
சுசீலா டீச்சர் பிப்ரவரியில் என் தலைக்கு மேல்,
'பாலிஷ் மாது' ஜன்னல் கட்டைக்குப் பக்கத்தில்.
யாரோ ஒருவர் மூன்று கோட்டோடு
வராமல் போயிருக்கிறார்.
அடியில் நான், செங்கோடன்,
முதல் நாள் நாலாவது வளைவு என்று வைத்துக்கொண்டேன்.
அஞ்சாம் நாள் ஏழு.
நடுவில் ஒரு நாள் இறங்கியும் இருக்கிறேன்.

நேற்று செல்லில் சேதி வந்தது:
உங்கள் பாலிசி புதுப்பிக்கப்பட்டது, நலமுடன் வாழ்க.
படித்துவிட்டு டேஷ்போர்டை மூடினேன்.

நஸ்ரீனுக்கு நாளைக்கு
ஆயிரத்து இருநூற்றைம்பது தர வேண்டும்.
ரசீது வேணுமாண்ணா என்பாள்.
வேண்டாமென்று வலது கையைத்தான் ஆட்டுவேன்,
எவ்வளவு போகிறதோ அவ்வளவு.